வராத மெஷினுக்குப் போட்ட அஸ்திவாரம்

வங்கியின் கடன் பிரிவில் புதிதாகச் சேர்ந்த சிலர் போன மாதம் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தார்கள். பேச்சுவாக்கில் ஒரு பெண் சொன்னாள்: "மேடம், மெஷின் லோன்னு யாராவது வந்தா, முதல்ல ப்ராபர்ட்டி டாகுமென்ட் இருக்கான்னுதான் கேப்போம். இல்லன்னா அங்கயே அனுப்பிடுவோம்." நான் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். நான் ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆகியும் அந்தக் கேள்வி மட்டும் இன்னும் வேலையில் இருக்கிறதே என்று பற்றிக்கொண்டு வந்தது. வந்த பிள்ளைகளிடம் கத்தக் கூடாது என்று அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். கோபமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தாம்பரம் கிளையில் கிளார்க்காகச் சேர்ந்து, பிறகு கடன் கேட்கிறவர்களின் இடத்துக்கே போய்ப் பார்த்து அறிக்கை எழுதும் அதிகாரியானவள். எண்பதுகளும் தொண்ணூறுகளும் முழுக்க என் மொபெட் போகாத சந்து தென் சென்னைப் புறநகரில் குறைவு.

முதலில் ஒரு நல்ல கதை சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று உங்களுக்குப் புரியாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் கிழக்குத் தாம்பரத்தில் திலகவதி அக்கா என்று ஒருவர் இருந்தார். வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகை, அதில் கையால் சுற்றித் தகட்டை அழுத்துகிற பிரஸ் ஒன்று. சைக்கிள் மணியின் மூடியை அதில் அடித்துக் கொடுப்பார். மின்சாரத்தில் ஓடுகிற பவர் பிரஸ் வாங்கக் கடன் கேட்டு வந்தார். பத்திரமும் இல்லை, ஜாமீனும் இல்லை. அப்போதிருந்த மேனேஜர் என்னையும் அழைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். அக்கா வேலை செய்வதை நின்று பார்த்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"பவர் பிரஸ் வந்து லாபம் வந்துச்சுன்னா, அந்த லாபத்த என்ன பண்ணுவீங்கம்மா?"

"இன்னா சார் கேள்வி இது? இன்னொரு மிஷின் வாங்குவேன்."

மேனேஜர் திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார். அக்கா சொன்னபடியே செய்தார். மகளுக்கு நகை சேர்க்காமல் இரும்பு சேர்க்கிறாளே என்று சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அவர் காதில் வாங்கவில்லை. முதல் பிரஸ் இரண்டாவதை வாங்கியது, இரண்டும் சேர்ந்து மூன்றாவதை வாங்கின. மூடிக்குப் பாலிஷ் போட ஒருவர் அதே சந்தில் கடை போட்டார். மூட்டை ஏற்ற மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்காரர் ஒருவர் அங்கேயே நின்றார். வேலைக்கு வந்த பெண்களை நம்பி ஒரு சாப்பாட்டுக் கடை வந்தது. முதலீடு, மூலதனத் திரட்சி, வளர்ச்சி என்று தேர்வுக்குப் படித்திருப்பீர்கள். அதை நான் ஓலைக் கொட்டகைச் சந்தில் கண்ணால் பார்த்தவள். மகளின் கல்யாணமும் பிறகு ஜாம் ஜாம் என்று நடந்தது, பத்திரிகை எனக்கும் வந்தது.

அந்த மேனேஜர் மாற்றலாகிப் போனார். நான்கைந்து பேர் வந்து போனார்கள். தொண்ணூறுகளின் நடுவில் வந்தவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். பெயர் வேண்டாம். லஞ்சம் வாங்காதவர், நேரத்துக்கு வருகிறவர், யாரிடமும் குரலை உயர்த்தாதவர். இதையெல்லாம் அவர் கணக்கில் வரவு வைத்துவிட்டே சொல்கிறேன்: அவரைப் போன்றவர்கள் செய்த கெடுதலைத் திருடர்கள்கூடச் செய்திருக்க முடியாது.

அந்தக் காலத்தில் தாம்பரத்தைச் சுற்றி மனை வியாபாரம் சூடு பிடித்திருந்தது. நேற்று நெல் விளைந்த வயலில் இன்று சுண்ணாம்பு அடித்த கற்கள் நின்றன. செம்பாக்கம் ஏரிப் பக்கம் வயல் வைத்திருந்த கன்னியப்பன் அண்ணன் மனை மனையாகப் போட்டு விற்று, பணத்தை எங்கள் கிளையில் டெபாசிட் செய்வார். எங்கள் கிளையின் பெரிய டெபாசிட்தாரர் அவர்தான். அவர் உள்ளே வந்தாலே மேனேஜர் எழுந்து நிற்பார். எனக்கும் அவரைப் பிடிக்கும், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத மனுஷர்.

குணசேகரன் வந்தது அந்த நேரத்தில்தான். பெரிய தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தவர். வேலையை விட்டுவிட்டுத் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் வாடகைக்கு ஒரு ஷெட் பிடித்து, இரண்டு லேத் போட்டு, லாரிகளுக்கான பற்சக்கரங்களைக் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். கடைவது மட்டும்தான் அவர் வேலை. அதில் பல் வெட்ட வேறு ஊருக்கு அனுப்ப வேண்டும், வருமானத்தில் பெரும் பங்கு அங்கேயே போய்விடும். ஒரு லாரிக் கம்பெனி அவரிடம், பல் வெட்டும் மெஷினை நீங்களே போட்டால் முழு வேலையையும் உங்களுக்கே தருகிறோம், பொங்கல் முடிந்ததும் வந்து பார்க்கிறோம், மெஷின் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. மெஷின் வந்தால் எட்டுப் பேருக்கு வேலை. ஆட்களைக்கூடப் பேசி வைத்திருந்தார்.

நான் ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கணக்குகளைப் பார்த்தேன். கம்பெனியின் கடிதத்தைப் பார்த்தேன். தாராளமாகக் கொடுக்கலாம் என்று எழுதினேன். இந்த அளவு சிறுதொழில் கடனுக்குச் சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்று தலைமை அலுவலகத்தின் சுற்றறிக்கையே இருந்தது. அதையும் நகல் எடுத்து இணைத்தேன்.

மேனேஜர் குணசேகரனை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாத்துப் பண்ணிடலாம் சார்" என்றார்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மேனேஜர் காப்பி கொடுத்து, "பாத்துப் பண்ணிடலாம்" என்றால் அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல மனமில்லாதவர்கள் சொல்வது அது. தொழிற்சாலையில் வளர்ந்த குணசேகரனுக்கு அது தெரியவில்லை. அங்கே சூப்பர்வைசர் "பண்ணிடலாம்" என்றால் ஷிப்ட் முடிவதற்குள் வேலை நடந்திருக்கும். அவர் நேரே ஷெட்டுக்குப் போய் மெஷினுக்கு அஸ்திவாரம் போட்டுவிட்டார்.

அவசரக்குடுக்கை என்று நினைக்காதீர்கள். பல் வெட்டும் மெஷின் அசையாமல் நிற்க வேண்டும். தரையைத் தோண்டிக் கான்கிரீட் போட்டு, நான்கு மூலையிலும் கனமான போல்ட்டுகளைப் பதித்து, அது நன்றாக இறுகிய பிறகுதான் மெஷினை இறக்க முடியும். பொங்கலுக்குள் மெஷின் ஓட வேண்டுமென்றால் அப்போதே போட்டாக வேண்டும். கையிலிருந்த சேமிப்பை அதில் போட்டார்.

ஆயுத பூஜைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார். பேட்டை முழுக்கப் பூசணிக்காய் உடைத்துக் கிடந்தது. எல்லா ஷெட்டிலும் மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. குணசேகரனின் ஷெட்டில் லேத் இரண்டுக்கும் மாலை போட்டுவிட்டு, நடுவிலிருந்த காலி அஸ்திவாரத்தின் நான்கு போல்ட்டுகளுக்கும் பொட்டு வைத்திருந்தார்கள். துருப்பிடிக்காமல் இருக்கக் கிரீஸ் தடவியிருந்ததால் குங்குமம் நிற்காமல் வழிந்திருந்தது. அவர் மனைவி சிரித்துக்கொண்டே, "வரப்போற மகாராணிக்கு இப்பவே உபசாரம் மேடம்" என்றார். நானும் சிரித்தேன். மேனேஜரிடம் என்ன பேசுவது என்று வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

விஜயதசமி விடுமுறை முடிந்ததும் மேனேஜரின் அறைக்குப் போனேன். கன்னியப்பன் அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவர் இருக்கட்டும் என்று நான் பேச்சைத் தொடங்கினேன்.

"சார், குணசேகரன் ஃபைல்."

"பாத்தேன் மேடம். நல்ல மனுஷன்தான். ஆனா கொலேட்டரல் ஒண்ணுமே இல்லியே. ஒரு கிரவுண்டு நிலமாவது இருந்தா யோசிக்கலாம்."

"சர்குலர்ல கேக்கக் கூடாதுன்னே இருக்கு சார். மெஷினே செக்யூரிட்டிதானே?"

"மெஷின நாளைக்கு ராத்திரியோட ராத்திரியா கழட்டிட்டுப் போயிடுவான். நிலம் எங்க மேடம் போகும்?"

"நிலம் எங்கயும் போகாது சார். ஒண்ணும் பண்ணவும் பண்ணாது. அந்த மெஷின் எட்டுப் பேருக்குச் சம்பளம் குடுக்கும்."

மேனேஜர் முகத்தைச் சுளிக்கவில்லை. பொறுமையாகக் கண்ணாடியைத் துடைத்தார். "சம்பளம் குடுக்கறது நம்ம வேலை இல்ல மேடம். போட்ட பணம் பத்திரமா இருக்கணும். அதான் நம்ம வேலை."

கன்னியப்பன் அண்ணன் இதையெல்லாம் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னா சார், அந்த ஆளுக்கு இன்னாதான் பிரச்சினை?"

"ப்ராபர்ட்டி இல்ல. மெஷினுக்குக் கடன் கேக்கறாரு."

"அவ்ளோதானா? ஏரிப் பக்கம் நம்மகிட்ட மனை கீது. ஒண்ண வாங்கிக்கச் சொல்லு. அத்தக் காட்டி மிஷின் வாங்கிக்கட்டும்."

"மனை வாங்க அவர்கிட்ட ஏதுண்ணா பணம்?" என்றேன்.

"அதுக்குத்தான் சார் லோன் குடுப்பாரே!" என்று அவர் மேனேஜரைக் காட்டினார்.

மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். கன்னியப்பன் அண்ணனும் சிரித்தார். அவர் கிண்டல் செய்யவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். மனைக்கு லோன் உண்டு, மெஷினுக்குக் கிடையாது என்பதை எங்கள் சுற்றறிக்கைகளைப் படிக்காமலேயே ஊர் புரிந்துவைத்திருந்தது. எனக்கு அந்த மேஜையைப் புரட்டிப் போடலாம் போல இருந்தது.

நான் விடவில்லை. விளக்கமாக இன்னொரு குறிப்பு எழுதினேன். மண்டல அலுவலகத்துக்கு நேரில் போனேன். அங்கிருந்தவர் நான் சொன்னதை எல்லாம் சரி சரி என்று கேட்டுவிட்டு, "மேனேஜர் ரெகமண்ட் பண்ணலியேம்மா" என்றார். மேனேஜரிடம் வந்தால், "ரீஜனல் ஆபீஸ் சொல்லட்டும் மேடம்" என்றார். யாரும் முடியாது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அந்த மனிதர் வேறு வங்கிக்குப் போயிருப்பார். இதற்குள் மார்கழி வந்துவிட்டது.

பொங்கல் முடிந்த வாரம் குணசேகரன் கிளைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேடம், நாளைக்குக் கம்பெனியிலேர்ந்து வராங்க. மெஷின் எங்கன்னு கேப்பாங்க. நீங்க வந்து பக்கத்துல நின்னு, லோன் சாங்ஷன் ஆயிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். பேங்க் ஆபீசரே சொன்னா நம்புவாங்க. ஒரு மாசம் டைம் குடுப்பாங்க."

"சாங்ஷன் ஆகலியே சார்."

"ஆயிடும்னு நீங்கதான சொன்னீங்க?"

நான் அப்படிச் சொன்னதே இல்லை. பரிந்துரைத்திருக்கிறேன் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அந்த வித்தியாசத்தை எப்படி விளக்குவது? வருகிறேன் என்றேன்.

பிள்ளைகளே, நம் தொழிலில் நெருக்கடி என்பது இப்படித்தான் வரும். ஒரு நல்ல மனிதர் தன் பிழைப்பையே உங்கள் நாக்கில் வைத்துவிட்டு எதிரே நிற்பார். பொய் சொன்னால் அவருக்கு ஒரு மாதம் கிடைக்கும். அந்த ஒரு மாதத்தில் மேனேஜர் மனம் மாறாவிட்டால், கம்பெனியை ஏமாற்றியவர் என்று பேட்டை முழுக்க அவர் பெயர் நாறும். பிறகு லேத் வேலைகூட வராது. உண்மையைச் சொன்னால் அன்றைக்கே எல்லாம் முடிந்துவிடும். அன்றிரவு என் கணவரிடம் கேட்டேன். அவர் பள்ளி ஆசிரியர். "நீ பொய் சொல்றதா வேணாமாங்கறது அப்புறம். உன்ன அங்க கொண்டுபோய் நிறுத்தினது யாரு?" என்றார்.

மறுநாள் கம்பெனியிலிருந்து இரண்டு என்ஜினியர்கள் வந்தார்கள். மரியாதையானவர்கள். லேத்தைப் பார்த்தார்கள், கடைந்து வைத்திருந்த சக்கரங்களை எடுத்து அளந்து பார்த்தார்கள், வேலை சுத்தமாக இருக்கிறது என்றார்கள். பிறகு அந்தக் காலி அஸ்திவாரத்துக்கு வந்தார்கள். அதில் பெரியவர் ஒரு போல்ட்டைக் காலால் தட்டிப் பார்த்தார். குணசேகரன் என்னைப் பார்த்தார்.

"இவங்க பேங்க்லேர்ந்து வந்திருக்காங்க சார்" என்றார்.

"லோன் சாங்ஷன் ஆயிடுச்சாம்மா?" என்று என்ஜினியர் கேட்டார்.

"பரிசீலனையில இருக்கு சார். நான் முழுசா ரெகமண்ட் பண்ணியிருக்கேன். இவர் வேலைக்கு நான் உத்தரவாதம் சொல்றேன். கொஞ்சம் டைம் குடுங்க" என்றேன். உண்மையில் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவும் சொன்னேன்.

அவர் தலையாட்டினார். "மெஷின் வந்ததும் போன் பண்ணுங்க" என்று குணசேகரனிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அந்த வேலை, இவர் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்ததும் சேர்த்து, வேறு மாநிலத்து யூனிட் ஒன்றுக்குப் போய்விட்டது என்று அடுத்த மாதமே தெரிந்தது. அவர்களுக்கு எந்த வங்கியோ மெஷினுக்குக் கடன் கொடுத்திருந்தது. அந்த வங்கிக்கும் டெபாசிட்தாரர்களின் பணத்தைப் பற்றிப் பயம் இருந்திருக்கும்தானே?

அன்று நான் சொன்னதற்காக இன்றுவரை வருந்தவில்லை. மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன். உண்மையைச் சொன்னதால் ஒரு நேர்மையான மனிதர் கவிழ்கிற நிலைமையை உண்டாக்கினார்களே, அவர்களைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர்களில் ஒருவருக்குக்கூடத் தூக்கம் கெட்டதாக நான் கேள்விப்படவில்லை. அந்த வருஷம் எங்கள் கிளைக்கு, வராக்கடன் குறைவு என்று கேடயம் கொடுத்தார்கள். மேனேஜர் அதைத் தன் மேஜைக்குப் பின்னால் மாட்டினார்.

கோடையில் ஒரு நாள் வேறு ஒரு யூனிட்டைப் பார்க்கத் திருமுடிவாக்கம் போனவள் குணசேகரனின் ஷெட்டில் தீப்பொறி பறப்பதைப் பார்த்து உள்ளே போனேன். லேத் இரண்டும் இல்லை. அவரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கேஸ் கட்டரால் அந்த போல்ட்டுகளைத் தரையோடு தரையாக அறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கட்டரை அணைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஷெட்ட விடறேன் மேடம். கல்யாண மண்டபத்துக்குச் சேர் வாடகைக்கு விடறவங்க குடோனா எடுத்துக்கறாங்க. இது கால்ல தடுக்குதுன்னாங்க."

"எங்க போறீங்க?"

"கிண்டியில ஒரு கம்பெனியில சூப்பர்வைசர் வேலை. மாசச் சம்பளம். நிம்மதி" என்றார். நிம்மதி என்ற வார்த்தையைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. அவர் எதிரே அழுவது அவரை அவமானப்படுத்துவதாகும் என்று வெளியே வந்துவிட்டேன்.

கதை அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த வருஷம் அவர் மறுபடி எங்கள் கிளைக்கு வந்தார். கையில் சம்பளச் சீட்டு. மனை வாங்கக் கடன் வேண்டும். செம்பாக்கம் ஏரிப் பக்கம், விற்கிறவர் கன்னியப்பன் அண்ணன். மேனேஜர் காப்பி கொடுத்தார். இந்த முறை "பாத்துப் பண்ணிடலாம்" என்றெல்லாம் இழுக்கவில்லை. "மேடம், நாளைக்கே போய் இடத்தப் பாத்துடுங்க" என்றார்.

போனேன். பொட்டல்வெளி, உச்சி வெயில். கருவேலஞ்செடிக்கு நடுவே நான்கு மூலையிலும் சுண்ணாம்பு அடித்த நான்கு கற்கள். கன்னியப்பன் அண்ணன் குடை பிடித்து நின்றுகொண்டிருந்தார்.

"நல்ல எடம்மா. சும்மா போட்டு வெச்சாலே போதும், தன்னால வெல ஏறிக்கினே போவும்" என்றார்.

குணசேகரன் ஒரு கல்லிடம் போய் அதைக் காலால் தட்டிப் பார்த்தார். அந்த என்ஜினியர் போல்ட்டைத் தட்டிய மாதிரியே தட்டினார். அது அவருக்கு நினைவிருந்ததா என்று தெரியாது. எனக்கு இருந்தது.

"இதுக்கு அஸ்திவாரம் எதுவும் வேணாம் மேடம்" என்றார் சிரித்துக்கொண்டே.

ஒரே வாரத்தில் கடன் கிடைத்தது. கன்னியப்பன் அண்ணன் மனைக்கு வந்த பணத்தை எடுத்துக்கொண்டு நேரே எங்கள் கவுன்டருக்கு வந்து டெபாசிட் போட்டார். மேனேஜர் எழுந்து நின்று வரவேற்றார். நான் என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னியப்பன் அண்ணனின் டெபாசிட், குணசேகரனுக்கு மனைக் கடனாகப் போய், மனை விலையாகக் கன்னியப்பன் அண்ணனிடமே வந்து, மறுபடி டெபாசிட்டாக எங்கள் பெட்டிக்குள் விழுந்தது. எங்கள் புத்தகத்தில் டெபாசிட்டும் வளர்ந்தது, கடனும் வளர்ந்தது. போன வழியில் அந்தப் பணம் ஒரு ஆணிகூடச் செய்யவில்லை. ஒருவருக்கு ஒரு நாள் கூலிகூடக் கொடுக்கவில்லை. இதை வளர்ச்சி என்று அரையாண்டு அறிக்கையில் எழுதினோம்.

நம்மிடம் பணம் இல்லாமலா இந்த ஊர் ஏழையாக இருந்தது? பணம் இருந்தது. கன்னியப்பன் அண்ணனைப் போல எத்தனையோ பேர் கொண்டுவந்து கொட்டினார்கள். அதைத் திலகவதி அக்காவிடமும் குணசேகரனிடமும் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் நமக்குச் சம்பளம். சேர்க்காமல் காவல் காத்துவிட்டு, கேடயம் வாங்கிக்கொண்டோம்.

ஆகவே அந்தப் பெண்ணுக்குச் சொல்கிறேன். நாளை யாராவது மெஷினுக்குக் கடன் கேட்டு வந்தால், பத்திரத்தைக் கேட்பதற்கு முன்னால் எழுந்து அவர் ஷெட்டுக்குப் போ. போட்ட மெஷினிலிருந்து என்ன வரும், வந்ததை என்ன செய்வார் என்று கேள். கொடுக்க முடியாது என்றால் அன்றைக்கே முடியாது என்று சொல், காப்பி கொடுத்து அனுப்பாதே.

போன மாதம் செம்பாக்கத்தில் ஒரு உறவினர் வீட்டுக்குப் போனபோது அந்த வழியாக வந்தேன். சுற்றிலும் வீடுகள் வந்துவிட்டன. குணசேகரனின் மனை மட்டும் அப்படியே காலியாக இருந்தது. அவர் வாங்கி வேறொருவருக்கு விற்று, அவர் இன்னொருவருக்கு விற்று, கைமாறிக் கைமாறி விலை மட்டும் ஏறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் எந்த வங்கியோ கடன் கொடுத்திருக்கும். நான்கு கற்களும் புதிதாகச் சுண்ணாம்பு அடித்து நின்றன.